சிவப்பு மருந்தும் இதயமும்: பாரன்ஹோல்ஸின் லைப்போசோம் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் வகுப்பில் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் பாடம் வந்தாலே மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரும். கீமோ வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் கேட்பதும் ஏறக்குறைய அவையேதான். இரண்டு தரப்பையும் சேர்த்து, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் மருந்தியல் சொல்லித் தருபவன், சிகிச்சை அளிக்கும் மருத்துவர் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் மருத்துவர்) சொல்ல வேண்டியவை.

பாரன்ஹோல்ஸ்னு அடிக்கடி சொல்றீங்களே, அவர் கேன்சர் டாக்டரா?

இல்லை, உயிர்வேதியியலாளர். யெகெஸ்கெல் பாரன்ஹோல்ஸ், ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஹடாஸா மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். புற்றுநோய்க்கு வெகு தொலைவில்தான் தொடங்கினார். 1966இல் ஷிமோன் காட் என்பவரின் குழுவில் இருந்துகொண்டு, எலி மூளையிலிருந்து எடுத்த ஒரு நொதி ஸ்ஃபிங்கோமயலின் என்ற கொழுப்பை எப்படிப் பிளக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். செல்லின் மேலுறையில் இருக்கும் கொழுப்புகள் எந்த வெப்பத்தில் இளகும், எதில் இறுகும், எதை வெளியே கசியவிடும் என்பதெல்லாம் அவருடைய அன்றாடம்.

அந்த அறிவு பிற்பாடு ஒரு கீமோ மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கப் பயன்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் டாக்ஸில், அதாவது லைப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த முதல் நானோ மருந்து என்று அதைச் சொல்வார்கள். அவர் தனியாகச் செய்த வேலை இல்லை இது. அதே ஹடாஸாவில் ஆன்காலஜிஸ்டாக இருந்த ஆல்பெர்ட்டோ கபிஸோன் இல்லாமல் இந்தக் கதையே கிடையாது.

டாக்ஸோரூபிசின் நல்லா வேலை செய்யுற மருந்துதானே, அப்புறம் என்ன பிரச்சனை?

நல்ல மருந்து என்பதுதான் பிரச்சனையே. இத்தாலியில் ஒரு மண் மாதிரியில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரின் திரிபிலிருந்து வந்த மருந்து இது. மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று, எலும்புப் புற்று என்று பலவற்றுக்கும் கேட்கும். வார்டில் 'சிவப்பு மருந்து' என்றால் இதுதான். ட்ரிப் முடிந்த அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

முடி கொட்டுவதும் குமட்டலும் வரும், போகும். இதயத்தில் விழும் அடி அப்படி இல்லை. இன்றைக்கு 60 மி.கி., மூன்று வாரம் கழித்து 60 மி.கி. என்று உடம்பின் பரப்பளவுக்கு ஏற்றபடி கொடுத்துக்கொண்டே போனால் மொத்தம் கூடிக்கொண்டே வரும். 2003இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மொத்த அளவு சதுர மீட்டருக்கு 400 மி.கி. ஆகும்போது சுமார் 5% பேருக்கு இதயம் செயலிழக்கிறது. 550இல் அது 26%. 700இல் 48%. இதனால்தான் நோய் கட்டுப்படும்போதே மருந்தை நிறுத்த வேண்டிய கட்டாயம் வருகிறது.

புற்றுசெல்லைக் கொல்ற மருந்து இதயத்தை ஏன் தொடணும்? இதயத்துல செல் பெருகுறதே இல்லையே?

நல்ல கேள்வி. டோப்போஐசோமரேஸ்-2 என்ற நொதியை முடக்கி, டிஎன்ஏ இழைகளை வெட்டுண்ட நிலையிலேயே நிறுத்திவிடுவதுதான் இந்த மருந்தின் முக்கிய வேலை. அந்த நொதிக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவங்கள் உண்டு. வேகமாகப் பெருகும் செல்களில் ஆல்ஃபா நிறைய இருக்கும். இதயத் தசையில் இருப்பது பீட்டா. அந்த பீட்டா நொதியை இதயத்தில் நீக்கிய எலிகளுக்கு டாக்ஸோரூபிசினால் பெரிய சேதம் வரவில்லை என்று 2012இல் காட்டினார்கள். இரும்போடு சேர்ந்து மருந்து உண்டாக்கும், செல்லைச் சேதப்படுத்தும் வகை ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கும் பங்கு உண்டு என்பது அதற்கு முந்தைய விளக்கம்.

பாரன்ஹோல்ஸ் குழு தொடங்கிய காலத்தில் இந்த பீட்டா சமாச்சாரம் யாருக்கும் தெரியாது. சேதம் எப்படி நடக்கிறது என்று முழுதாகத் தெரியாத நிலையில், மருந்தை இதயத்தின் பக்கமே போகவிடாமல் தடுத்தால் என்ன என்று யோசித்தார்கள்.

லைப்போசோம்னா என்ன? அதுக்குள்ள மருந்தை வெச்சா இதயம் எப்படித் தப்பிக்குது?

கொழுப்பு மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் அவை தாமாகவே இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு நுண்ணிய உருண்டைகளாகிவிடும், உள்ளே கொஞ்சம் தண்ணீரோடு. 1960களில் இங்கிலாந்தின் பாப்ரஹாமில் அலெக் பாங்காம் கண்டது இது. செல்லின் மேலுறையும் இதே கட்டமைப்புதான்.

இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். டாக்ஸோரூபிசின் சின்ன மூலக்கூறு என்பதால் சுலபமாகக் கடந்துவிடும். சுமார் 100 நானோமீட்டர் உருண்டைக்கு அந்த இடுக்கில் வழியில்லை. கட்டியில் அவசர அவசரமாக வளர்ந்த ரத்தக்குழாய்களோ ஓட்டை ஒடிசலாக இருக்கும். அங்கே உருண்டைகள் கசிந்து உள்ளே போய்த் தங்கிவிடலாம். ஜப்பானின் குமமோட்டோவில் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் இதை விவரித்தார்கள். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதல் தடவையே ஜெயிச்சுட்டாங்களா?

இல்லை. பாடப்புத்தகங்கள் தாண்டிப் போகிற பகுதி இதுதான். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். 1980களின் நடுவில் ஹடாஸாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் லைப்போசோம் வேறு மாதிரியானது. பெரிய உருண்டை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சில சுவர்கள், இளகிய கொழுப்பு. மருந்து உள்ளே இருந்த தண்ணீரில் இல்லாமல் சுவரிலேயே ஒட்டியிருந்தது. விலங்குகளில் நம்பிக்கையாகத் தெரிந்தது.

மனித ரத்தத்தில் இரண்டு விதமாகத் தோற்றது. மருந்தில் ஒரு பகுதி சீக்கிரமே கசிந்து வெளியேறியது. மீதி உருண்டைகளைக் கல்லீரலும் மண்ணீரலும் குப்பை என்று எண்ணி விழுங்கிவிட்டன. கட்டிக்குப் போக நேரமே இல்லை. கல்லீரலில் வந்த கட்டிக்காவது பயன்படாதா என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் விழுங்குவது கல்லீரலின் துப்புரவு செல்கள், கட்டியின் செல்கள் இல்லை.

பல குழுக்கள் இந்த இடத்தில் கடையை மூடியிருக்கும். இவர்கள் தோல்வியை மூன்று தேவைகளாகப் பிரித்து எழுதிக்கொண்டார்கள். உருண்டை ரத்தத்தில் நீண்ட நேரம் சுற்ற வேண்டும். மருந்து கசியக் கூடாது. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் சிகிச்சைக்குப் போதுமான மருந்து இருக்க வேண்டும். முதலாவதற்குத் தீர்வு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கமிருந்து வந்தது. கபிஸோன் அங்கே டிமிட்ரியோஸ் பாப்பஹாட்ஜோபூலோஸுடன் சேர்ந்து வேலை செய்து, உருண்டையின் கொழுப்பு வகையை மாற்றினால் அது ரத்தத்தில் வெகுநேரம் நிற்கும் என்று 1988இல் காட்டினார். அடுத்து பெக் என்ற பாலிமர் இழைகளை மேலே நட்டார்கள். அவை தண்ணீரைப் பிடித்துவைத்து ஒரு வேலி போல நின்று, துப்புரவு செல்களிடமிருந்து உருண்டையை மறைத்தன. கசிவுக்கு, உடல் வெப்பத்தில் இளகாத சோயா கொழுப்பும் கொலஸ்ட்ராலும். மூன்றாவதுதான் பாரன்ஹோல்ஸின் கைவண்ணம்.

அந்தச் சின்ன உருண்டைக்குள்ள மருந்தை எப்படி அடைச்சாங்க? ஊசி போட்டா?

ஊசியெல்லாம் இல்லை, மருந்தையே தானாக உள்ளே நுழைய வைத்தார்கள். முதலில் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலில் வெற்று உருண்டைகளைச் செய்வார்கள். பிறகு வெளியே இருக்கும் அம்மோனியம் சல்ஃபேட்டை மட்டும் நீக்குவார்கள். உள்ளே இருக்கும் அம்மோனியம் கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியாவாகச் சுவரைத் தாண்டி வெளியேறும், ஒவ்வொன்றும் ஒரு புரோட்டானை உள்ளே விட்டுவிட்டுப் போகும். உள்ளே அமிலம் கூடும்.

இப்போது வெளியே டாக்ஸோரூபிசினைச் சேர்த்துச் சூடுபடுத்தினால், மின்னூட்டம் இல்லாத நிலையில் அது சுவரைக் கடக்கும். உள்ளே போனதும் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் பெறும், இனித் திரும்பி வர முடியாது. அங்கிருக்கும் சல்ஃபேட்டோடு சேர்ந்து கல்கண்டு மாதிரி உறைந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு நீளக் குச்சி கிடப்பது தெரியும். அந்தப் படத்தை வகுப்பில் காட்டினால் பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். சேர்த்த மருந்தில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. ஓர் உருண்டைக்கு 10,000 முதல் 15,000 மூலக்கூறுகள்.

மனுஷங்ககிட்ட வேலை செய்யுதுன்னு எப்படி நிரூபிச்சாங்க? முதல்ல எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஏன் கொடுத்தாங்க?

நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் புற்றுநோயால் நீர் கோத்திருந்த நோயாளிகளிடமிருந்து அந்த நீரை எடுத்து அளந்தார்கள். சாதாரண டாக்ஸோரூபிசினைவிட லைப்போசோம் வடிவத்தில் மருந்து 4 முதல் 16 மடங்கு அதிகம் இருந்தது. ஜெருசலேமில் நடந்த இந்த வேலையை 1994இல் கபிஸோன் குழு வெளியிட்டது.

1995 நவம்பரில் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது எய்ட்ஸோடு வரும் கபோசி சார்க்கோமாவுக்கு. தோலில் ஊதா நிறத் தடிப்புகளாக வரும் புற்று அது, ரத்தக்குழாய்கள் கண்டபடி வளர்ந்து கசியும். லைப்போசோமுக்கு அதைவிடத் தோதான இலக்கு கிடைக்காது. நல்ல சிகிச்சை இல்லாத நோய் என்பதால் விரைவு அனுமதிக்கும் வழி இருந்தது. 1998இல் வந்த ஒப்பீட்டில், மூன்று மருந்துகள் சேர்ந்த பழைய கலவைக்கு 25% பேரிடம் பலன் தெரிந்தபோது, இதற்குத் தனியாகவே 46% பேரிடம் தெரிந்தது. 1999இல் சினைப்பைப் புற்றுக்கும், 2007இல் மல்ட்டிப்பிள் மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கும் அனுமதி விரிந்தது.

இவ்வளவு செலவு பண்ணி இதைப் போட்டா, கூடுதல் நாள் உயிரோட இருப்பாங்களா சார்?

கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்வது எளிதில்லை. பரவிய மார்பகப் புற்று உள்ள 509 பெண்களிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வந்தது. நோய் மீண்டும் முன்னேறும் வரையான காலம் லைப்போசோமுக்கு 6.9 மாதம், சாதாரண மருந்துக்கு 7.8 மாதம். மொத்த ஆயுள் 21 மாதம், 22 மாதம். புள்ளியியல்படி இரண்டும் சமம்.

வித்தியாசம் வேறு இடத்தில். இதயச் சேதம் ஏற்படும் அபாயம் சாதாரண மருந்தில் மூன்று மடங்கு அதிகம். முடி கொட்டியது 66% பேருக்கு, லைப்போசோமில் 20%. குமட்டல் 53%, இங்கே 37%. 'அப்ப உயிர் நீட்டிக்காதா, பின்ன எதுக்கு?' என்று கேட்டால், அந்த 21 மாதத்தை மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறிக்கொண்டு கழிக்கலாம் என்பதுதான் பதில். அது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இதயம் செயலிழந்த ஒருவரோடு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

அப்போ இதுக்குப் பக்கவிளைவே கிடையாதா?

உண்டு, இடம் மாறிவிட்டது. மேலே சொன்ன அதே ஆய்வில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும் கோளாறு லைப்போசோம் குழுவில் 48% பேருக்கு வந்தது. சாதாரண மருந்தில் வெறும் 2%. ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றுவது இதயத்துக்கு நல்லதாக முடிந்தது. அதே காரணத்தால் அழுத்தமும் சூடும் படும் தோலுக்கு மெல்ல மெல்லக் கசிந்து போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு தெரியும்.

ட்ரிப் போட்ட சில நாட்களுக்கு வெந்நீரில் கை வைக்க வேண்டாம், இறுக்கமான செருப்பும் பெல்ட்டும் வேண்டாம், ஈரம் காக்கும் களிம்பு தடவலாம். சில மருத்துவமனைகளில் ட்ரிப் ஓடும்போது மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஐஸ் ஒத்தடம் கொடுப்பார்கள். பி6 மாத்திரை தடுக்கும் என்று நெடுநாள் எழுதிக் கொடுத்தார்கள், முறையான ஆய்வில் பலன் தெரியவில்லை. தோல் உரியத் தொடங்கினால் அடுத்த ட்ரிப் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைப்பதும் தள்ளிப்போடுவதும் மட்டுமே நம்பகமான வைத்தியம். அனுமதிக்கப்பட்ட அளவு சினைப்பைப் புற்றுக்குச் சதுர மீட்டருக்கு 50 மி.கி. என்றாலும் பல மருத்துவர்கள் 40இல் தொடங்குவது இதனால்தான்.

முதல் ட்ரிப் ஆரம்பிச்ச அஞ்சு நிமிஷத்துல அம்மாவுக்கு முகம் சிவந்து முதுகு வலிச்சு மூச்சு முட்டிடுச்சு. மருந்து ஒத்துக்கலைன்னு அர்த்தமா?

வழக்கமான ஒவ்வாமைக்கு உடம்பு அந்தப் பொருளை முன்பே சந்தித்திருக்க வேண்டும். இதில் முதல் முறையிலேயே வருகிறது, பெரும்பாலும் அடுத்த முறை குறைந்துவிடுகிறது. உருண்டைகளைக் கண்டதும் ரத்தத்தில் நோயெதிர்ப்பு வேலை செய்யும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் விழித்துக்கொள்வதே காரணம் என்று புடாபெஸ்ட்டின் யானோஷ் செபெனி காட்டினார். பாரன்ஹோல்ஸ் அவருடனும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார். தன் மருந்தின் குறையைத் தானே துருவிப் பார்த்தது அவருடைய தொழில் வாழ்க்கையில் எனக்கு மதிப்பு கூடிய இடம்.

அதனால்தான் நர்ஸ் முதலில் நிமிடத்துக்கு 1 மி.கி. வேகத்தில் தொடங்குகிறார். லேசான எதிர்வினை என்றால் நிறுத்தி, அடங்கியபின் மெதுவாகத் தொடர முடிகிறது. கடுமையாக இருந்தால் அந்த மருந்தே வேண்டாம் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம். ட்ரிப் சக்கரத்தை நீங்களாகத் திருகி வேகப்படுத்தாதீர்கள், வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று இதைச் செய்தவர்களும் உண்டு.

ரெண்டும் சிவப்பு, ரெண்டும் டாக்ஸோரூபிசின். ஒண்ணு கிடைக்கலைன்னா இன்னொண்ணைப் போடலாமே?

கூடவே கூடாது. அளவும் இடைவெளியும் வேறு: சாதாரண மருந்து பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, லைப்போசோம் பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் சாதாரண மருந்து தெளிந்த சிவப்பு, லைப்போசோம் கொஞ்சம் கலங்கிய சிவப்பு, உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால். கண்ணை நம்பாமல் லேபிளைப் படியுங்கள். லைப்போசோமை 5% டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. உறைந்தால் சுவர் கிழியும்.

இந்தியாவில தயாராகுற லிப்போடாக்ஸ் நம்பலாமா?

2011இல் டாக்ஸிலைத் தயாரித்துவந்த ஒஹையோ ஆலையில் உற்பத்தி நின்று அமெரிக்காவிலேயே மருந்து கிடைக்காமல் போனது. 2012 பிப்ரவரியில், நம் நாட்டின் சன் ஃபார்மா செய்யும் லைப்போசோம் டாக்ஸோரூபிசினான லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய எஃப்டிஏ இசைந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் சன் ஃபார்மாவின் வடிவத்துக்கு ஜெனரிக் அனுமதியே கிடைத்தது.

ஆனால் எல்லா லைப்போசோமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரைக்கு ஜெனரிக் செய்வதுபோல மூலக்கூறு ஒன்றாக இருந்தால் போதாது. உருண்டையின் அளவு, பெக் இழை, உள்ளே உறைந்திருக்கும் குச்சி எல்லாமே ஒத்துப்போக வேண்டும். சிகிச்சையின் நடுவில் பிராண்டு மாறினால் மருத்துவரிடம் தெரியப்படுத்துவது நல்லது.

இதயத்தைக் காப்பாத்த வேற வழியே இல்லையா?

இருக்கிறது. டெக்ஸ்ரசாக்சேன் என்ற மருந்தைச் சாதாரண டாக்ஸோரூபிசினுக்குச் சற்று முன்பு கொடுக்கலாம், அதுவும் அமெரிக்காவில் 1995இல்தான் அனுமதி பெற்றது. மொத்த அளவைக் கணக்கு வைப்பதும் அவ்வப்போது எக்கோ எடுப்பதும் எல்லோருக்கும் பொது.

நான் பி.ஃபார்ம் முடிக்கப் போறேன். இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் போக என்ன படிக்கணும்?

ஜிபாட் எழுதி எம்.ஃபார்மில் மருந்து வடிவமைப்போ மருந்தியலோ எடுக்கலாம். உயிர்வேதியியல் வழியாக வருபவர்கள் சிஎஸ்ஐஆர் நெட் எழுதி முனைவர் பட்டத்துக்குப் போகிறார்கள். இது எல்லோரும் சொல்வது.

நான் சேர்த்துச் சொல்வது: 'நானோ' என்ற தலைப்போடு தொடங்காதீர்கள். வெள்ளியில், தங்கத்தில், மஞ்சளில் நானோ துகள் செய்து, டப்பாவில் வளரும் செல்லைக் கொன்று, கட்டுரை எழுதி முடித்துக்கொள்வது நம் கல்லூரிகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு மருந்தை எடுங்கள், அதை எந்த உறுப்பு நிறுத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். நோயாளிகளைப் பார்க்கும் ஒரு மருத்துவரைக் கூட்டாளியாகப் பிடியுங்கள். முதல் லைப்போசோம் தோற்றதை ஜெருசலேம் குழு சீக்கிரம் கண்டுகொண்டதற்குக் காரணம், உயிர்வேதியியலாளரும் ஆன்காலஜிஸ்டும் ஒரே வளாகத்தில் இருந்ததுதான். பொறுமையும் வேண்டும்: முதல் லைப்போசோமிலிருந்து அனுமதி வரை பத்தாண்டுக்கு மேல் ஆனது.

காப்புரிமைக் காசெல்லாம் அவருக்கே போச்சா?

ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு யிஸ்ஸும் என்ற சொந்த நிறுவனம் உண்டு, கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் கொடுப்பது அதன் வேலை. அதன் வழியாகக் கலிஃபோர்னியாவின் லைப்போசோம் டெக்னாலஜி நிறுவனத்துக்கு உரிமம் போனது, வருமானத்தில் கண்டுபிடித்தவர்களுக்கும் பங்கு. தன் பங்கிலிருந்து பாரன்ஹோல்ஸ், இஸ்ரேலில் பயன்பாட்டு அறிவியலில் முனைவர் பட்டம் செய்யும் மாணவர்களுக்கு 2003இல் ஒரு பரிசை ஏற்படுத்தினார்.

மருந்து கட்டிக்கு மட்டும் குறிபார்த்துப் போகும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

நான்காவது பதிலில் ஒத்திவைத்த சிக்கல் இதுதான். எலிகளில் செய்த நானோ துகள் ஆய்வுகளைக் கனடாவின் டொராண்டோ குழு ஒன்று 2016இல் திரட்டிப் பார்த்தது. செலுத்திய அளவில் கட்டியைச் சென்றடைவது, நடு மதிப்பாக, 0.7% மட்டுமே. மனிதர்களில் கட்டிக்குக் கட்டி கசிவு வேறுபடும், ஒரே ஆளின் இரண்டு கட்டிகளிலும்கூட.

அப்படியானால் டாக்ஸில் எப்படி நிலைத்தது? 2004 ஆய்வின் எண்களைத் திரும்பப் பாருங்கள். கட்டியை அடிப்பதில் பழைய மருந்துக்குச் சமமாக இருந்தது, இதயத்துக்குப் போகாமல் இருந்தது. அந்த இரண்டாவது பாதிக்காகவே அதைப் போடுகிறார்கள். 'குறிபார்த்து' என்ற சொல்லை விளம்பரத்துக்கு விட்டுவிடலாம்.

அஞ்சு வருஷம் முன்னாடி மார்பகத்துக்கு சிவப்பு மருந்து போட்டாங்க. இப்ப லைப்போசோம் தர்றாங்க. பழைய கணக்கு இதுல சேருமா?

சேரும். லைப்போசோம் வடிவத்திலும் அபாயம் பூஜ்யம் இல்லை. டாக்ஸிலின் மருந்துக் குறிப்பிலேயே, ஒரு ஆய்வில் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி. ஆனபோது 11% பேருக்கு இதயப் பாதிப்பு இருந்ததாக எழுதியிருக்கிறது. இதே குடும்பத்து மருந்துகளான எபிரூபிசின், டானோரூபிசின் போட்டிருந்தாலும் இதே கணக்கில் வரும். இடது மார்பில் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை மி.கி. என்று எழுதியிருப்பார்கள். அது தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ரெக்கார்ட் பிரிவில் நோயாளி எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். கடைசியாக எடுத்த எக்கோ ரிப்போர்ட்டையும் சேர்த்து, முதல் ட்ரிப்புக்கு முன்பே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.